திமிங்கலத்துக்கு ஓர் ஆலமரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை விற்காத காகிதத்திலிருந்து பிறந்தது.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை இருக்கிறது. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், லேமினேஷன். மீதி நேரத்தில் கதை எழுதுவேன். (மீதி நேரத்தில்தான் கடை நடத்துவதாகப் பக்கத்து டெய்லர் கடை சகாயராஜ் சொல்லுவார். அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.) இரண்டு வருஷத்துக்கு முன்னால், மடித்துப் பொம்மை செய்யும் சதுரக் காகிதம் கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் ஆண்டுவிழா சீசனில் பறந்துவிட்டது. மிச்சம் நின்றது சாம்பலும் பழுப்பும். சாம்பல் கலரில் எந்தக் குழந்தைக்கு என்ன வாங்கித் தருவார்கள்?

அப்போது சூசை மேரி வந்தாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். காணைக்கு அப்பால் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். தினமும் காலையில் இங்கிருந்து விழுப்புரத்துக்கு ரயில், அங்கிருந்து டவுன் பஸ். அறிவியலில் பறவைகள் பாடம் ஆரம்பிக்கப் போவதாகவும், மடித்துக் காட்ட கலர் பேப்பர் வேண்டும் என்றும் கேட்டாள்.

நான் சாம்பலையும் பழுப்பையும் எடுத்து மேசையில் வைத்தேன். இதில் கிளி வருமா, மயில் வருமா என்றாள். வராதுதான். ஆனால் யானை வரும், எலி வரும், கழுதை, கரடி, முயல், மாடு, ஆடு எல்லாம் வரும்.

“பறவைய அப்புறம் பாத்துக்கலாம் மேரி. நீ பாலூட்டிய நடத்து.”

அவள் என்னை முறைத்தாள். பிறகு கட்டு முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்தப் பள்ளியின் நாலாம் வகுப்பு மூன்று வாரம் முன்னதாகவே பாலூட்டிகளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

2

தொடக்க வரி மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. “காணை வயல்வெளியின் மேல் மெல்லப் பொழுது புலர்ந்தது.” (அடித்தாயிற்று. கடையைப் பூட்டிவிட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். வெயில் மண்டையைப் பிளந்தது.)

ஆ. “ஆர்த்தியின் அப்பா பச்சைமுத்து அன்றும் குடித்துவிட்டு” (இங்கேயே நிறுத்திவிட்டேன். பச்சைமுத்து குடிப்பதில்லை. கிராமத்துக் குழந்தை என்றதும் அதன் அப்பன் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிடும் கெட்ட பழக்கம் என் பேனாவுக்கு உண்டு. அந்த மனிதர் தன் ஒன்றரைக் காணியில் கரும்பு வைத்திருக்கிறார். டீ மட்டும் கொஞ்சம் அதிகம் குடிப்பார்.)

இ. “ஒரு குழந்தை தான் வரைந்த மரத்தை அழிக்க மாட்டேன் என்றது.”

மூன்றாவது இருக்கட்டும். கதை அவ்வளவுதான். அந்த மரம் இருக்கப் போகிறதா, போகப் போகிறதா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு வாருங்கள். குழந்தையின் பெயர் ஆர்த்தி, வயது ஒன்பது.

3

மேரி பாடம் நடத்தும் விதத்தைச் சொல்ல வேண்டும். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். என் காகிதத்துக்கு என்ன கதி ஆயிற்று என்று பார்க்கும் ஆசைதான்.

முதலில் விலங்கை வரைய வேண்டும். பிறகு மடிக்க வேண்டும். பெரிய சதுரத்தில் தாய். அதே சதுரத்தை நாலாக வெட்டினால் வரும் சின்னச் சதுரத்தில் குட்டி. மடித்த குட்டி, மடித்த தாயின் வயிற்று மடிப்புக்குள் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். “குட்டி போடும்” என்று புத்தகத்தில் இரண்டு சொல்லில் இருப்பதை வகுப்பில் இருந்த இருபத்து மூன்று பேரும் விரலால் படித்தார்கள்.

முதல் விலங்கு மாடு. முதல் சண்டையும் மாட்டில்தான். கோபி என்கிற பையன் கன்றுக்குட்டியை உள்ளே தள்ளிவிட்டு, பின்பக்கம் பிடித்து வெளியே இழுத்துக் காட்டினான். மொத்த வகுப்பும் அதை ஏற்க மறுத்தது. கன்று அப்படி வராதாம். முன்னங்கால் இரண்டும் முதலில் வரும், அதன் மேல் மூக்கு படிந்திருக்கும், அப்படி வரவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மேரி திண்டிவனம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். மாடு கன்று போட்டு அவள் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் சொல்லச் சொல்லப் போர்டில் எழுதிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டாள். ஒரு விலங்கு பாலூட்டி என்று எதை வைத்துச் சொல்லுவீர்கள்?

பால் கொடுக்கும். குட்டி போடும். உடம்பில் முடி இருக்கும். மூன்றும் கடகடவென்று வந்துவிட்டன. நாலாவதை ஆர்த்தி எழுந்து சொன்னாள்.

“நச்சுக்கொடி ஆலமரத்துல தொங்கும் டீச்சர்.”

ஆமாம் ஆமாம் என்றது வகுப்பு. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பிள்ளைகள் சொன்னதை முதலில் எழுதுவது, பிறகு சரிபார்ப்பது என்பது அவள் வழக்கம். எழுதினாள்.

* தெரியாதவர்களுக்கு: மாடு கன்று போட்டதும் நச்சுக்கொடி விழும். அதை வைக்கோலில் சுற்றி, கோணியில் கட்டி, நாய்க்கு எட்டாத உயரத்தில் ஆலமரத்துக் கிளையில் தொங்க விடுவார்கள். ஆலமரத்தைக் கிள்ளினால் பால் வடியும். மாட்டுக்கும் அப்படிப் பால் சுரக்கும் என்று நம்பிக்கை. காணைச் சாலையோரத்து ஆலமரம் ஒன்றில் எந்த மாதம் போனாலும் ஏழெட்டு மூட்டை தொங்கும்.

* மேரி அந்த மரத்தை ஆறு வருஷமாகப் பஸ்ஸில் கடந்து போகிறாள். அவை ஏதோ அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய மூட்டைகள் என்று நினைத்திருக்கிறாள். நாம் மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுவது மாதிரி அவர்களுக்கு இது போலிருக்கிறது என்று, மரம் வரும்போதெல்லாம் மரியாதையாகத் தலையைத் தாழ்த்தியிருக்கிறாள். ஆறு வருஷம். அன்று விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சாயங்காலம் பஸ் கண்டக்டர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

4

விதி என்று ஒன்றைப் போர்டில் எழுதிவிட்டால் பிள்ளைகள் விடுவார்களா? எல்லா விலங்குக்கும் மரம் தேட ஆரம்பித்தார்கள்.

யானைக்கு யார் ஏறிக் கட்டுவது? யானையே தும்பிக்கையால் கட்டிக்கொள்ளும் என்றாள் கலைப்பிரியா. ஆர்த்தியின் பக்கத்தில் உட்காருகிறவள். எலிக்குத் தும்பைச் செடி போதும். வௌவாலுக்குக் கவலையே இல்லை, ஏற்கெனவே மரத்தில்தான் தொங்குகிறது. இப்படி ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் திமிங்கலம் நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை. ஆர்த்தி எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் வேலை. பெரிய சார்ட் பேப்பர் முழுக்கக் கடல். நடுவில் என் சாம்பல் காகிதத்தில் மடித்த திமிங்கலம், அதன் வயிற்று மடிப்பில் குட்டி. வலது ஓரத்தில், கடலின் அடித்தரையில் வேர் விட்டு, ஓர் ஆலமரம். விழுதுகளுக்கு நடுவில் மீன்கள் போய்க்கொண்டிருந்தன. உயரமான கிளையில் ஒரு மூட்டை. உரமூட்டைக் கோணி. அதன் மேல் ‘யூரியா’ என்று ஓர் எழுத்துக்கூட விடாமல் எழுதியிருந்தாள்.

அது முடிந்த அன்று மறுபடி போயிருந்தேன். பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. செல்போனில் நாலு படம் எடுத்தேன். திரும்பும் ரயிலில் மயிலம் தாண்டுவதற்குள் தலைப்பு கிடைத்துவிட்டது. (மேலே பார்க்கலாம். அதை மட்டும் இன்னும் மாற்றவில்லை.) திண்டிவனத்தில் இறங்கும்போது கதையே முடிந்துவிட்டது: குழந்தையின் அழகான கற்பனை, அதை அழிக்கத் துடிக்கும் பெரியவர்கள், கடைசியில் கற்பனை வெல்கிறது. ஒரு வில்லன் மட்டும் வேண்டியிருந்தது.

5

வில்லன்: தலைமை ஆசிரியர் புகழேந்தி.

விழுப்புரத்தில் தை மாதக் கடைசியில் பள்ளிகளுக்கு ஒரு கண்காட்சி. பிள்ளைகள் செய்ததைப் பிள்ளைகளே நின்று விளக்க வேண்டும். அதற்கு இந்தப் பாலூட்டிகள் போகட்டும் என்று முடிவானது. சார்ட்டைப் பார்த்த புகழேந்தி, திமிங்கலம் பிரமாதம், அந்த மரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மேரி போனில் சொன்னதும் நான் உற்சாகமாக எழுத உட்கார்ந்தேன்.

“புகழேந்தி மீசையை முறுக்கியபடி பிரம்பை எடுத்து”

வரி முடியவில்லை. மேரியிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். மீசை கிடையாதாம். பிரம்பும் கிடையாது, கத்தரிக்கோல்தான். பிள்ளைகள் வெட்டினால் சதுரம் கோணிக்கொள்கிறது என்று, பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து இருபத்து மூன்று பேருக்கும் குட்டிச் சதுரம் வெட்டி வைத்துவிட்டுப் போகிறவர் அவர். போன வருஷக் கண்காட்சியில் இந்தப் பள்ளிப் பையன் ஒருவன் ஏதோ தப்பாகச் சொல்ல, கூடமே சிரித்துவிட்டது. அந்தப் பையன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. புகழேந்தி தினமும் அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறார்.

“நாமளே தப்ப வுட்டுட்டு, அதையும் கொண்டு போயி நாலு பேர் எதிர்ல நிறுத்தி சிரிக்க வைக்கணுமா டீச்சர்?” என்று கேட்டாராம்.

வில்லனை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்.

அவர் ஆர்த்தியைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, கடலுக்குள் ஆலமரம் முளைக்காது, அதை மட்டும் அழித்துவிடலாமா என்று தன்மையாகக் கேட்டார். அவள் சார்ட்டைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“மரம் இல்லன்னா குட்டிக்குப் பாலு கிடைக்காது சார். செத்துடும். எங்க கன்னு அப்பிடித்தான் செத்துச்சி. நான்தான் பாத்துக்கல.”

6

இதையும் மேரி போனில்தான் சொன்னாள். நான் யாருடைய ஆதார் அட்டையையோ லேமினேஷன் செய்துகொண்டிருந்தேன். அட்டை மெஷினுக்குள்ளேயே நின்று பொசுங்கிவிட்டது.

நடந்தது இதுதான். போன தை மாதம் அவர்கள் வீட்டுச் செவலை மாடு விடியற்காலையில் கன்று போட்டது. பச்சைமுத்து வைக்கோலும் கோணியும் எடுத்துவரப் போனார். நச்சுக்கொடியை நாய் தொடாமல் பார்த்துக்கொள் என்று மகளை உட்கார வைத்துவிட்டுப் போனார். அவளுக்குக் கன்று பிறந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. கலைப்பிரியாவைக் கூப்பிட ஓடினாள். இரண்டு தெரு. திரும்பி வருவதற்குள் நாய் இழுத்துக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டது.

அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் கன்று செத்தது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை அப்பாவின் எதிரில் அதிகம் நிற்பதில்லை. அவர் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாளாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. நான் அழகு என்று நாலு படம் எடுத்த மரம், அவளுக்குத் தான் கட்டத் தவறிய மூட்டை. எந்தத் திமிங்கலமும் தன் கன்று போன மாதிரி போகக் கூடாது என்று கடலுக்கடியில் கொண்டுபோய் நட்டிருக்கிறாள். நான் அதை வைத்து ஒரு கதை தேற்றப் பார்த்தேன்.

(இங்கே “கற்பனை என்பது” என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். யாருக்கு வேண்டும் அது.)

இனி அந்த மரம் போவதுதான் அவளுக்கு நல்லது. அதற்கு ரப்பர் உதவாது. மரத்துக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளுக்கே தெரிய வேண்டும். அதைவிட, அப்பாவுக்குத் தன்மேல் கோபம் இல்லை என்று தெரிய வேண்டும். முதலாவதை மேரி செய்யலாம். இரண்டாவதை யார் செய்வது?

7

மறுநாள் மேரி வகுப்பில் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பூனைக்கு எந்த மரம் என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூனை தானே தின்றுவிடும். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நாயும் அப்படித்தான். குட்டிக்குப் பால் கிடைக்கிறதா? கிடைக்கிறதே, முட்டிமோதிக்கொண்டு குடிக்கிறதே. அப்படியானால் மரம் எதற்கு? பூனைக்கு வேறு சட்டம், மாட்டுக்கு வேறு சட்டம் என்றாள் ஆர்த்தி. மேரி அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, யார் வீட்டிலாவது மாட்டு நச்சுக்கொடியை நாய் கொண்டுபோனது உண்டா என்று கேட்டாள்.

ஒரு கைகூட உயரவில்லை. அது வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல். வெளியில் சொல்லுகிற விஷயமே இல்லை. ஆர்த்தி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கலைப்பிரியா எழுந்தாள்.

“எங்க ஊட்லயும் நாய் தூக்கினு பூடுச்சி டீச்சர். யார்கிட்டயும் சொல்லாதன்னு அப்பா சொன்னாரு. கன்னு நல்லாத்தான் கீது. தெனம் என்னையே முட்டுது.”

அப்புறம் கோபி கையைத் தூக்கினான். அப்புறம் பிரான்சிஸ், அவன் பக்கத்தில் இருந்த பையன். மொத்தம் நாலு வீடு. நாலு கன்றும் நன்றாக இருந்தன. அதில் ஒன்று அந்த வருஷம் பொங்கலுக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு யூனியன் ஆபீஸ் வரை ஓடிப் போனது.

போர்டில் நாலாவது வரியை என்ன செய்யலாம் என்று மேரி கேட்டாள். அழிக்க வேண்டாம், இடம் மாற்றலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். நடுவில் ஒரு கோடு போட்டார்கள். ஒரு பக்கம் ‘அது செய்றது’. இன்னொரு பக்கம் ‘நாம செய்றது’. குட்டி போடுவது, பால் கொடுப்பது எல்லாம் அந்தப் பக்கம். கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பது, மணி கட்டுவது, பேர் வைப்பது, நச்சுக்கொடியை மரத்தில் கட்டுவது எல்லாம் இந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்து விலங்கியலை இவ்வளவு சுத்தமாகப் பிரித்த வகுப்பு வேறு இல்லை.

பள்ளி விட்டதும் ஆர்த்தி வந்து, சார்ட்டை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். மேரி சரி என்றாள். மரத்தை அழிக்க வேண்டாம், சார்ட்டின் வலது ஓரத்தைக் கதவு மாதிரி உள்பக்கம் மடித்துவிடு, மடிப்பின் வெளிப்பக்கத்துக்கும் கடல் கலர் அடித்துவிடு, திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம் என்று சொல்லிக்கொடுத்தாள். புகழேந்தியும் ஒத்துக்கொண்டார்.

(இந்த யோசனையை நான்தான் போனில் சொன்னதாக மேரி சாதிக்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. நல்ல யோசனையாக இருப்பதால் மறுக்கவில்லை.)

சார்ட் திரும்பி வந்தபோது கதவு மூடியிருந்தது. நீல கிரேயான் அழுத்தி அடித்திருந்தது. உள்ளே என்ன என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

8

கண்காட்சி அன்று கடைக்கு லீவு விட்டேன். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய ஹால். நாற்பது மேசை. எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஓர் அணைக்கட்டு ஒழுகிக்கொண்டே இருந்தது. புகழேந்தி தன் கர்ச்சீப்பை எடுத்து அதற்கு அணை போட்டார்.

எங்கள் மேசையில் சாம்பலும் பழுப்புமாக இருபத்திரண்டு தாய்கள், வயிற்றில் இருபத்திரண்டு குட்டிகள். பின்னால் சுவரில் திமிங்கலம். ஹால் முழுவதும் கலர் கலராக ஜொலித்ததில் எங்கள் மேசை மட்டும் நிஜக் காடு மாதிரி இருந்தது. (என் காகிதம். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள விடுங்கள்.)

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். அதை விட்டுவிட்டுப் பச்சைமுத்து வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடும் கட்டம் போட்ட சட்டையோடு கதவோரமாகவே நின்றார். மேரி கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

நடுவர் அறிவுச்செல்வன், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். குழந்தைகளிடம் பேசும்போது குனிந்து அவர்கள் உயரத்துக்கு வந்துவிடுகிற மனிதர். திமிங்கலம் ஏன் மீன் இல்லை என்று கேட்டார். ஆர்த்தி வயிற்று மடிப்பிலிருந்து குட்டியை வால் முதலாக இழுத்துக் காட்டி, கன்று மாதிரி தலை முதலில் வந்தால் தண்ணீரில் மூச்சு முட்டிவிடும் என்றாள். ஒத்திகை பார்த்த பதில்.

அடுத்தது ஒத்திகையில் இல்லை. கடல் தண்ணீருக்குள் குட்டி பால் குடிக்கிறதே, பால் கரைந்து போய்விடாதா என்று கேட்டார். மேரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கே தெரியாது. எனக்கு எங்கே தெரியும்? ஆர்த்தி கொஞ்சம் யோசித்தாள்.

“சீம்பால் மாதிரி கெட்டியா இருக்கும் சார். தண்ணி ஊத்தனாலும் சட்டுனு கரையாது.”

பேராசிரியர் நிமிர்ந்து பக்கத்து நடுவரைப் பார்த்தார். முப்பது வருஷம் கல்லூரியில் பாடம் எடுத்தேன், இந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லையே என்றார். அது ஊகம்தான். ஆனால் சரியான ஊகம். கடலில் ஆலமரம் நட்டதும் அவள் வீட்டு மாட்டுக்கொட்டகைதான், கடல் தண்ணீரில் கரையாத பாலைச் சொல்லிக்கொடுத்ததும் அதே கொட்டகைதான். மேரி என் கையை விடவே இல்லை. சிவந்துவிட்டது.

பேராசிரியர் போகத் திரும்பினார். அப்போதுதான் சார்ட்டின் ஓரத்து மடிப்பு அவர் கண்ணில் பட்டது. இதற்குள் என்ன இருக்கிறதம்மா என்று கேட்டார்.

9

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவள் திறக்கிறாள். ஆலமரம் அப்படியே இருக்கிறது. பேராசிரியர் கண்கலங்குகிறார். (பேராசிரியர்களைக் கண்கலங்க வைப்பது சுலபம். இதை எழுத ஏழு நிமிஷம் ஆயிற்று. அதனாலேயே நம்பிக்கை இல்லை.)

இரண்டு: அவள் திறக்கிறாள். மரம் இல்லை, ரப்பர் தேய்த்த தடம் மட்டும். அறிவியல் வென்றது. (புகழேந்திக்குப் பிடித்த முடிவு. மேரி இதைப் படித்துவிட்டு என்னோடு அரை நாள் பேசவில்லை.)

மூன்று: அவள் திறக்கவே இல்லை. “ஒன்றுமில்லை சார்” என்கிறாள். (இது எனக்கே பிடித்தது. எழுதி முடித்தபின் பார்த்தால், அதில் குழந்தை அதே பாரத்தோடு வீட்டுக்குப் போகிறது. கிழித்துப் போட்டேன்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

ஆர்த்தி மேரியைப் பார்க்கவில்லை. புகழேந்தியைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள்.

“அப்பா வந்து பாக்கணும் சார்.”

பேராசிரியர் விலகி வழி விட்டார். பச்சைமுத்துவுக்குத் தன்னைத்தான் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவில் எதிலும் இடித்துவிடாமல் ஒருக்களித்து நடந்து வந்தார். அவள் மடிப்பைத் திறந்தாள். அவர் குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மகளின் முகம் அவர் முகத்துக்கு மேலே இருந்தது.

“இதுக்கா பாப்பா என்னப் பாத்து பயந்துக்கினு இருந்த? கன்னு தொப்புள்ல சீழ் வெச்சி செத்துச்சி. டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. உன்மேல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் உன்னாண்ட சொல்ல வாய் வர்ல.”

“நெசமாவா?”

“டாக்டராண்ட வேணா கேட்டுப் பாரு.”

“கேப்பேன்,” என்றாள் ஆர்த்தி.

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை கலைப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நேரில் கேட்டும் விட்டாள். தொப்புளில் ஏன் சீழ் வந்தது, வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்து போர்டில் எழுதினாள். ‘நாம செய்றது’ பக்கத்தில், கன்று பிறந்ததும் தொப்புளுக்கு மருந்து வைப்பது என்று ஒரு வரி கூடியது. செவலை மறுபடி சினையாக இருக்கிறது. மருந்து பாட்டில் வாங்கி வைத்துவிட்டார்களாம்.

10

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். பட்டியலைப் புகழேந்தி சார் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். காணைப் பக்கம் போனால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிப்புக்குள் என்ன இருந்தது என்றும் கேட்பீர்கள். எழுதி வைத்திருந்தேன். இரண்டு பக்கம். என் எழுத்தில் இதுவரை வந்ததிலேயே நல்ல இரண்டு பக்கம் அவை என்று நினைக்கிறேன். கதையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஆர்த்தியிடம் வாசித்துக் காட்டினேன். நாய், கன்று, அப்பா, அவள் பெயர், எல்லாம் இருக்கட்டும் என்றாள். மேரி டீச்சர் மூட்டையைக் கும்பிட்டதை இன்னும் பெரிதாக எழுதச் சொன்னாள். அந்த இரண்டு பக்கம் வந்ததும் தலையை ஆட்டினாள்.

“அத எழுதாதீங்க. அது அப்பாவுக்கு வரைஞ்சது.”

கெஞ்சிப் பார்த்தேன். ஒரு கட்டு சிவப்புக் காகிதம் தருவதாகக்கூடச் சொன்னேன். மசியவில்லை. அவள் பார்க்கவே அந்த இரண்டு பக்கத்தையும் நாலாக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும், எந்த நிறமானாலும் சரி. வலது ஓரத்தை உள்பக்கமாக மடியுங்கள். வெளியே கடல் வரையுங்கள். உள்ளே ஆர்த்தி என்ன வரைந்திருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை வரையுங்கள். முடித்ததும் என்னிடம் காட்ட வேண்டாம். ஆர்த்திக்கு அப்பா மாதிரி உங்களுக்கும் ஒருவர் இருப்பார், நீங்கள் ரொம்ப நாளாகச் சொல்லாமல் வைத்திருப்பது அவரிடம் சொல்ல வேண்டியதாகத்தான் இருக்கும். அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுவிட்டுத் திறங்கள்.